அப்டேட் தளம் மட்டும் திறக்கவில்லையா? சேலம் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

"நெட் வருது, யூடியூப் ஓடுது, அப்டேட் மட்டும் வரமாட்டேங்குது." சேலத்தில் கணினி பழுது பார்க்கும் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அப்படிக் கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் எல்லோரும் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். அதே கணினியைச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அப்டேட் கொடுங்கள். வந்துவிட்டால் கோளாறு ரௌட்டரிலோ லைனிலோ இருக்கிறது. அப்புறம் வீட்டு இணைப்பில் இன்னொரு கணினியை வைத்துப் பாருங்கள். அதில் வந்து உங்களுடையதில் வராவிட்டால் கோளாறு உங்கள் கணினியில். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் யாராவது "ஃபார்மேட் போடணும்" என்றால் செய்ய விடாதீர்கள். தொழில் பழகிய புதிதில் நானே ஒரு கொலுசுப் பட்டறையின் கணினியை அப்படி ஃபார்மேட் செய்து, மூன்று வருஷக் கணக்கை அழித்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் தேதிதான் தப்பாக இருந்தது. அந்த அண்ணன் திட்டக்கூட இல்லை. அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

ஏற்காடு நாகலூரிலிருந்து காபித் தோட்டக்காரர்: மழை வந்தால் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். இப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பில்லை" என்கிறது. அப்டேட்டில் 80072எஃப்8எஃப் என்று பிழை எண் வருகிறது. வைரஸா தம்பி?

வைரஸாக இருக்காது அண்ணா. திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2015 என்றோ 2009 என்றோ காட்டும். அந்தப் பிழை எண் பெரும்பாலும் தேதிக் கோளாறில் வருவதுதான்.

காரணம் இது. அப்டேட் தளம் உங்கள் கணினியிடம் பேசுவதற்கு முன் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கணினி 2015-இல் நிற்கிறது என்றால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் கதவைச் சாத்திவிடுகிறது. அது செய்வது சரியான வேலைதான்.

கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி. சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள், 3 வோல்ட். பெரிய செலவில்லை. சிபியுவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும்.

இன்னொன்று. பேட்டரியை மாற்றியதும் "இணையத்திலிருந்து நேரம் எடு" என்று கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் சாதாரணமாக அந்தத் திருத்தத்தை ஏற்காது. முதலில் கையால் தேதி, நேரம், இந்திய நேர மண்டலம் மூன்றையும் சரிசெய்து, பிறகு அதைக் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கணக்கு எழுதுபவர்: பழைய விண்டோஸ் 7 கணினியில் புதிதாக விண்டோஸ் ஏற்றினோம். தேதி சரி. ஆனாலும் ஒரு அப்டேட்கூட வரவில்லை.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது சார். அதோடு, அப்டேட் உண்மையிலேயே தன்னுடையதுதான் என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பழைய முறையான ஷா-1-ஐ மைக்ரோசாஃப்ட் நிறுத்தி, ஷா-2-க்கு மாறிவிட்டது. புதிதாக ஏற்றிய விண்டோஸ் 7-க்கு அந்தப் புதுக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டையும் வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து இதே வரிசையில் ஏற்றுங்கள். பழைய அப்டேட்கள் வரும். புதுசு எதுவும் வராது. பேங்க் வேலையை அந்தக் கணினியில் செய்யாதீர்கள், தயவுசெய்து. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் கணினியை மாற்றுவதாக இருந்தால் நேராக 11 ஓடுகிற கணினியாகப் பாருங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து பட்டுச்சேலை டிசைன் போடுபவர்: எல்லாத் தளமும் திறக்கிறது அண்ணா. ஆன்டிவைரஸ் தளங்களும் மைக்ரோசாஃப்ட் தளமும் மட்டும் திறக்கவில்லை. ஹாட்ஸ்பாட்டிலும் அதே கதை.

வந்த கேள்விகளிலேயே எனக்குக் கவலை தந்தது இதுதான் தம்பி. எல்லாம் வந்து, காவல்காரன் மட்டும் வரவில்லை என்றால் உள்ளே யாரோ வழி மறிக்கிறார்கள் என்று அர்த்தம். 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் இதைத்தான் செய்தது. தளத்தின் பெயரில் "மைக்ரோசாஃப்ட்", "விண்டோஸ்அப்டேட்", ஆன்டிவைரஸ் கம்பெனிப் பெயர்கள் ஏதாவது இருந்தால் அந்தப் பெயரைத் தேடவே விடாது. அது உள்ளே நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த வருஷம் அக்டோபரிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

முதலில் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பைப் பாருங்கள். எந்தத் தளப் பெயருக்கு எந்த முகவரி என்று அதில் எழுதி, ஒரு தளத்தை மறிக்கவும் முடியும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று போனால் இருக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதில் பாருங்கள். # குறியில் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கம். அந்தக் குறி இல்லாத வரியில் ஆன்டிவைரஸ் தளத்தின் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். டிசைன் சாஃப்ட்வேரைக் "கிராக்" போட்டுத் தந்தவர் அதன் லைசென்ஸ் தளத்தை மறிக்க எழுதிய வரியும் அங்கே இருக்கலாம். உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நோய் உள்ளே வரும் வழி பல நேரம் அந்தக் கிராக்தான்.

அடுத்து நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியைப் பாருங்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர் அது. யாரோ கையால் போட்ட எண் இருந்தால் "தானாக எடு" என்று மாற்றுங்கள். சோதித்துப் பார்க்க 8.8.8.8 அல்லது 1.1.1.1 போடலாம். பிறகு நல்ல கணினி ஒன்றில் பென்டிரைவில் வைரஸ் ஸ்கேனர் ஏற்றி, விண்டோஸைத் தொடங்காமல் அதிலிருந்தே பூட் செய்து முழு ஸ்கேன் ஓட்டுங்கள். உங்கள் டிசைன் கோப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள். ஸ்கேனுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் இந்த ஒரு கணினிக்கு ஃபார்மேட் நியாயம்.

அழகாபுரத்திலிருந்து ஒரு அம்மா: ஃபைபர் இணைப்பு மாற்றியதிலிருந்து சின்னத் தளங்கள் வருகின்றன, அப்டேட் பாதியில் தொங்குகிறது. மகனின் ஹாட்ஸ்பாட்டில் நன்றாக இறங்குகிறது.

அப்படியானால் கணினியில் குறை இல்லை அம்மா. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கார் வளைந்துவிடும், நீளமான லாரி மாட்டிக்கொள்ளும். இணையத்தில் தகவல் 1500 பைட் பொட்டலங்களாகப் போகும். பெயர், கடவுச்சொல் கேட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பில் 8 பைட் அதற்கே போய்விடும், மிச்சம் 1492. ரௌட்டர் 1500 என்றே இருந்தால் பெரிய பொட்டலம் வழியில் சத்தமில்லாமல் விழுந்துவிடலாம். ரௌட்டரில் எம்டியு (பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) என்ற இடத்தில் 1492 போட்டு, அணைத்துப் போடச் சொல்லுங்கள் மகனிடம்.

ஓமலூர் பக்கத்திலிருந்து பள்ளி ஆசிரியை: லேப் கணினிகளில் பிரவுசர் ஓடுகிறது, அப்டேட்டில் 8024402சி வருகிறது.

பெரும்பாலும் எப்போதோ வைத்த ப்ராக்ஸியின், அதாவது நடுவில் நின்று இணையத்தை வாங்கித் தரும் சர்வரின், மிச்சம் டீச்சர். பிரவுசருக்கு ஒரு ப்ராக்ஸி அமைப்பு, அப்டேட்டுக்கு வேறு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து "netsh winhttp reset proxy" கொடுங்கள்.

கல்லூரி மாணவி, கொண்டலாம்பட்டி: லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு 21.10. அப்டேட் கொடுத்தால் 404, அதாவது "கோப்பு இல்லை" என்று வருகிறது.

அந்தப் பதிப்புக்கு ஆயுளே 9 மாதம்தான்மா. 2022 ஜூலையில் முடிந்தது. கோப்புகளை "ஓல்டு ரிலீஸஸ்" என்ற வேறு சர்வருக்கு நகர்த்திவிட்டார்கள், உங்கள் லேப்டாப் பழைய வீட்டையே தட்டுகிறது. அப்டேட் எடுக்கும் முகவரிகள் இருக்கும் சோர்ஸஸ் லிஸ்ட் கோப்பில் முகவரியை மாற்றினால் வரும். ஆனால் உங்கள் புராஜெக்ட்டைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு 24.04 புதிதாக ஏற்றுங்கள், 2029 வரை நிம்மதி.

அஸ்தம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்றவர்: "உங்கள் அப்டேட் நின்றுவிட்டது, சரிசெய்கிறோம்" என்று போன் வந்தது. ஏதோ ஆப் இறக்கச் சொல்கிறார்கள்.

வைத்துவிடுங்கள் ஐயா. அப்டேட் நின்றதென்று எந்த கம்பெனியும் தானாகப் போன் செய்யாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

மறுபடி நாகலூர்: பேட்டரி மாற்றினேன் தம்பி, தேதி நிற்கிறது. ஆனால் ஹாட்ஸ்பாட்டில் அப்டேட் தானாக இறங்கவில்லை.

அந்த இணைப்பு "மீட்டர்டு", அதாவது அளவுள்ள டேட்டா என்று குறிக்கப்பட்டிருக்கும் அண்ணா. உங்கள் டேட்டா தீரக் கூடாதென்று விண்டோஸ் காத்திருக்கிறது. வைஃபை அமைப்பில் அதை அணைத்தால் இறங்கும். ஆனால் பல மாத அப்டேட் சேர்ந்திருக்கும், மலை டவரில் உங்கள் டேட்டாவை அது தின்றுவிடும். அணைக்காமல் விடுங்கள். காபிக்கொட்டை மூட்டையோடு சேலம் இறங்கும் நாளில் சிபியுவையும் வண்டியில் ஏற்றி வாருங்கள். மூட்டையை இறக்கிவிட்டு வருவதற்குள் என் லைனில் இறக்கி வைத்துவிடுகிறேன்.