டிரெஸ்ஸாஜ் விதிகள்: எழுதுவது யார், கண்காணிப்பது யார்? (கேள்வி பதில்)

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியதிலிருந்து நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தப் போட்டியைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். நான் ராணுவத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் ரிமவுண்ட் அண்ட் வெட்னரி கோரில் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு, போட்டிகளில் நடுவர் சொல்லச் சொல்லத் தாளில் மதிப்பெண் எழுதும் வேலையும் செய்திருக்கிறேன். இந்த முறை விதிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள மணல் களம். குதிரையும் அதை ஓட்டுபவரும் ஏற்கெனவே எழுதிவைத்த அசைவுகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணும் உண்டு. கடைசியில் அது சதவீதமாக மாறும். இதுதான் டிரெஸ்ஸாஜ்.

தக்கலை, கல்லூரி மாணவி: இந்த விதிகளை எழுதுவது யார் சார்? வெள்ளைக்காரன் காலத்து ராணுவ விதிகளா?

ராணுவத்தில் பிறந்த விளையாட்டு என்பது சரிதான் மக்களே, ஆனால் பிரிட்டிஷ் ராணுவ விதி அல்ல. 1921-இல் தொடங்கிய சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்புதான் விதி எழுதுகிறது. எஃப்இஐ என்பார்கள். தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக் கூட்டமைப்பும் மாற்ற வேண்டியதை எழுதி அனுப்பும். டிரெஸ்ஸாஜ் குழு வரைவு தயாரித்து எல்லா நாடுகளுக்கும் அனுப்பும், ஓட்டுபவர்கள் சங்கமும் கருத்துச் சொல்லும். கடைசியில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு, ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. அங்கே ஜெர்மனிக்கும் ஒன்றுதான், நமக்கும் ஒன்றுதான். நமக்காக வாக்களிப்பது இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு. பெரும்பாலான மாற்றங்கள் அடுத்த ஜனவரி 1 முதல் அமலுக்கு வரும்.

ராணுவ வாசனை எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டுமானால் 1948 லண்டன் ஒலிம்பிக்கைப் பாருங்கள். அன்று ராணுவ அதிகாரிகள் மட்டுமே டிரெஸ்ஸாஜில் கலந்துகொள்ள முடியும். ஸ்வீடன் குழு தங்கம் வென்றது. அந்தக் குழுவில் இருந்த யேனேல் பெர்சன் உண்மையில் ஒரு சார்ஜன்ட். போட்டிக்காக அவருக்குத் தற்காலிகமாக அதிகாரிப் பதவி கொடுத்து, முடிந்ததும் திரும்பப் பழைய பதவிக்கே இறக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்து, 1949-இல் எஃப்இஐ அவரைத் தகுதி நீக்கம் செய்தது. குழுவின் தங்கம் பிரான்சுக்குப் போனது. குதிரையிலும் குறை இல்லை, ஓட்டத்திலும் குறை இல்லை, தோளில் இருந்த பட்டைதான் குற்றம்! அதற்குப் பிறகு விதியையே மாற்றினார்கள். 1952 ஹெல்சின்கியில் சாதாரண வீரர்களும் பொதுமக்களும் பெண்களும் வரலாம் என்றானது. அதே பெர்சன் அதே குழுவோடு வந்து தங்கம் வாங்கினார். போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் தனிநபர் வெள்ளி வாங்கினார். தப்பான விதியைக் கூட்டமாக உட்கார்ந்து மாற்ற முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

மார்த்தாண்டம், உடற்கல்வி ஆசிரியர்: ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் சொல்லிவிடும். இதில் நடுவர் சொன்னதுதான். தன் நாட்டுக்காரருக்கு அள்ளிப் போட்டால் என்ன செய்வது?

அள்ளிப் போட்டிருக்கிறார்கள் சார். 1956 ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தனிமைப்படுத்தல் சட்டத்தால் குதிரைப் போட்டிகளை மட்டும் மெல்போர்னில் நடத்தாமல் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். அங்கே ஸ்வீடன் நடுவர் ஸ்வீடன்காரர்களையும், ஜெர்மன் நடுவர் ஜெர்மானியர்களையும் மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். எஃப்இஐ இருவரையும் இடைநீக்கம் செய்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியே நடக்கவில்லை.

இன்று ஒலிம்பிக்கில் ஏழு நடுவர்கள், களத்தைச் சுற்றி ஏழு இடங்களில். நம்ம ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறையில் ஆசான் முன்னால் நின்றால் ஒன்று தெரியும், பக்கவாட்டில் நின்றால் சுவடு வைப்பதில் வேறொன்று தெரியும் அல்லவா, அப்படித்தான். களத்தின் ஓரத்தில் இடங்களைக் குறிக்க ஆங்கில எழுத்துகள் வைத்திருப்பார்கள். நேர் எதிரே 'சி' எழுத்தில் இருப்பவருக்குக் குதிரை கோணாமல் நேராக வருகிறதா என்பது நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் இருப்பவருக்கு எட்டு வைக்கும் நீளமும், நிற்கும்போது பின்கால் ஒன்று பின்தங்கியிருப்பதும் தெரியும். அதனால் இரண்டு நடுவர்களின் எண் வேறுபட்டால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. பெரிய போட்டிகளில் நடுவர்களுக்கு மேல் ஒரு மேற்பார்வைக் குழுவும் உண்டு. குதிரை காலை மாற்றி மாற்றி ஓடும் அசைவில் எண்ணிக்கையைத் தவறவிட்டது போன்ற வெளிப்படையான பிழைகளை அது திருத்தும். 'எனக்கு 7 தந்தது குறைவு, 8 வேண்டும்' என்று முறையிட மட்டும் வழியில்லை. அதைத் திறந்துவிட்டால் எந்தப் போட்டியும் முடியாது.

குளச்சல்: எனக்க தம்பி தோஹாவுல ஒரு குதிரை லாயத்துல வேலை பாக்கான். போட்டி முடிஞ்சு குதிரை வெளியே வந்ததும் ஒருத்தர் கையுறை போட்டு வாய்க்குள்ளே விரல விட்டுப் பாப்பாராம். என்னத்துக்கு?

உங்க தம்பி பார்த்த அந்த ஆள்தான் இந்த விளையாட்டின் காவல்காரர் அண்ணாச்சி. ஸ்டூவர்டு என்று பெயர். நடுவர் ஒரு குதிரையைச் சில நிமிடம்தான் பார்க்கிறார். அதற்கு முன்னும் பின்னும், பயிற்சிக் களத்திலும் லாயத்திலும் பார்ப்பவர் இவர்.

ஒவ்வொரு குதிரைக்கும் புதுக் கையுறை மாட்டிக்கொள்வார். உதட்டை மெதுவாக விலக்கி, கடிவாளத்தின் இரும்பு படும் இடத்தையும் நாக்கையும் பார்ப்பார். பிறகு ஓட்டுபவர் குதிகாலில் மாட்டியிருக்கும் குதிமுள் படும் விலாப் பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். வெள்ளைக் கையுறையில் சிவப்பு ஒட்டினால் 'சி' நடுவருக்குச் செய்தி போகும், குதிரை போட்டியிலிருந்து நீக்கப்படும். போட்டி நடக்கும்போதே நடுவர் ரத்தத்தைப் பார்த்தாலும் நிறுத்திவிடுவார். 2010-இல் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டியில் நெதர்லாந்தின் அடெலிண்டே கோர்னெலிசன் பதக்க நம்பிக்கையோடு வந்து, குதிரையின் வாயில் ரத்தம் தெரிந்ததால் பாதியில் வெளியேறினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குதிரை ஒன்றுக்குக் காலில் சிராய்ப்பு, ரத்தம். யாரும் அதைத் துன்புறுத்தவில்லை. ஆனாலும் நீக்கினார்கள். குழுவில் மூன்று பேர், மூன்று பேரின் மதிப்பெண்ணும் வேண்டும் என்பதால் அமெரிக்கக் குழுவே வெளியே போனது.

கடுமையாகத் தோன்றும். எனக்கு அது சரியென்றே படுகிறது. 'வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா' என்று களத்து ஓரத்தில் நின்று விசாரிக்கும் பொறுப்பை ஸ்டூவர்டிடம் கொடுத்தால், பெரிய பெயருள்ளவருக்கு எல்லாமே தற்செயல் ஆகிவிடும்.

குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குப்பட்டைக்கும் இதே கதைதான். அதை இறுக்கிக் கட்டினால் குதிரை வாயைத் திறந்து வலியைக் காட்ட முடியாது, பார்ப்பவருக்கு அமைதியான குதிரை போலத் தெரியும். பட்டைக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று பேச்சு இருந்தது. யாருடைய விரல்? மெல்லிய விரல் நுழைந்த இடத்தில் தடித்த விரல் நுழையாது. அதனால் 2025-இல் எஃப்இஐ எல்லாருக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தது. மூக்கெலும்பின் மேல் நடுவில் வைத்து அளப்பார்கள், நுழையாவிட்டால் தளர்த்த வேண்டும். உங்க தம்பி இதையும் பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

நாகர்கோவில்: குதிரையின் தாடை மார்பில் முட்டும் அளவு கழுத்தை வளைத்து ஓட்டும் வீடியோக்கள் வருகின்றன. அதற்குத் தடை இல்லையா?

அதை ரோல்குர் என்பார்கள். 2010 பிப்ரவரியில் லோசானில் கூடிப் பேசி, வலுக்கட்டாயமாகக் கழுத்தை வளைப்பதை ஏற்க முடியாது என்று எஃப்இஐ அறிவித்தது. வலுக்கட்டாயம் இல்லாமல் தாழ்த்தி வளைப்பதை அனுமதித்து, ஒரு நிலையில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் தந்தார்கள். ரத்தத்தைக் கையுறை காட்டிவிடும். வலுக்கட்டாயத்தை எது காட்டும்? ஸ்டூவர்டின் கண்ணும் துணிச்சலும்தான். தங்கப் பதக்கக்காரரிடம் போய் 'லகானை விடுங்கள்' என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். விதிப் புத்தகத்தில் எனக்கு இன்னும் திருப்தி தராத இடம் இதுதான். மீறினால் மஞ்சள் அட்டை உண்டு. ஓராண்டுக்குள் இரண்டாவது அட்டை வந்தால் இரண்டு மாதம் போட்டியிட முடியாது.

திங்கள்சந்தை: பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் போட்டியில் தப்பு செய்யவில்லையே. தனியார் இடத்தில் நடந்த பயிற்சிக்கு எப்படித் தண்டித்தார்கள்?

நல்ல கேள்வி. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவர். பயிற்சி கொடுக்கும்போது ஒரு குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடிக்கும் வீடியோ 2024 ஜூலையில், பாரிஸ் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, எஃப்இஐ-க்கு வந்தது. பல ஆண்டு பழையது. அவரே விலகிக்கொண்டார். உடனே தற்காலிகத் தடை, டிசம்பரில் ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும்.

எப்படித் தண்டிக்க முடிந்தது என்றால், போட்டியிலோ வேறு எந்த நேரத்திலோ குதிரையைத் துன்புறுத்தக் கூடாது என்று பொது விதியில் எழுதியிருக்கிறது. 'வேறு எந்த நேரத்திலோ' என்பதற்குள் வீட்டு லாயமும் அடங்கும். எஃப்இஐ-யில் பதிவு செய்துகொண்டவர் எங்கே இருந்தாலும் அந்த விதிக்குள்தான் இருக்கிறார். இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்க எஃப்இஐ-க்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. அதில் திருப்தி இல்லையென்றால் லோசானிலேயே உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம்.

குலசேகரம், சித்த வைத்தியர்: குதிரைக்குக் கால்வலி என்றால் நம்ம தைலம் தேய்க்கலாமா? அதில் ரசாயனம் ஒன்றும் இல்லையே.

வைத்தியரே, போட்டிக் குதிரைக்கு மட்டும் வேண்டாம். மிளகாயின் எரிப்புக்குக் காரணமான கேப்சைசினே தடை செய்யப்பட்ட பொருள். வலியை மறைக்கும், இல்லையென்றால் காலைத் தொட்டாலே எரியும்படி ஆக்கி, தாண்ட வேண்டிய கட்டையில் கால் படாமல் உயரத் தாண்ட வைக்கும். 2008 ஒலிம்பிக்கில், ஹாங்காங்கில் நடந்த தாண்டும் போட்டியில், இதனால் குதிரைகள் சிக்கின. இயற்கையா செயற்கையா என்று ஆய்வகம் கேட்காது. சிக்கினால் பொறுப்பு, ஓட்டுபவருக்கு. மருந்து கொடுத்தது மருத்துவராக இருந்தாலும் சரி. 2009-இல் ஜெர்மனியின் இசபெல் வெர்த்தின் குதிரை ஒன்றின் உடலில் ஃப்ளூஃபெனசின் என்ற மனநோய் மருந்து இருந்தது தெரிந்து, அவருக்கு ஆறு மாதம் தடை கிடைத்தது. அவ்வளவு பெரிய வீராங்கனைக்கே அந்தக் கதி.

அருமனை: பழைய படங்களில் உயரமான கறுப்புத் தொப்பி. இப்போது ஹெல்மெட். ஏன்?

2021 ஜனவரி 1 முதல் ஹெல்மெட் கட்டாயம். 2010-இல் அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை பயிற்சியில் குதிரையோடு விழுந்து தலையில் அடிபட்டு கோமாவில் கிடந்தார், அன்று அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அதிலிருந்து தொடங்கிய பேச்சு விதியாக மாறப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. தொப்பியின் அழகைச் சொல்லி எதிர்த்தவர்கள் அவ்வளவு பேர்.

கொட்டாரம்: குதிரையோடு பேசக் கூடாதாமே, உண்மையா அண்ணே?

உண்மை. வாயால் பேசினாலும், நாக்கால் 'டக்' என்று ஒலி எழுப்பினாலும் மதிப்பெண் குறையும். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் பெர்டில் சாண்ட்ஸ்ட்ரோம் நாக்கால் ஒலி எழுப்பினார் என்று தனிநபர் வரிசையில் கடைசிக்குத் தள்ளினார்கள். சேணம் கிறீச்சிட்டது என்று அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

இரணியல், ஒரு தாய்: மகளுக்குப் பன்னிரண்டு வயது, குதிரை என்றால் உயிர். எங்கே தொடங்குவது?

நம்ம மாவட்டத்திலேயே உட்கார்ந்து சர்வதேச டிரெஸ்ஸாஜுக்குத் தயாராக முடியாது அம்மா, ஆசை காட்ட மாட்டேன். ஹாங்சோவில் வென்ற சுதிப்தி, திவ்யகிருதி, ஹ்ருதய், அனுஷ் நால்வருமே ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். அதற்கு நிறையச் செலவாகும். முதலில் சென்னையிலோ பெங்களூரிலோ நல்ல பயிற்சிப் பள்ளியில் ஒரு கோடை விடுமுறை சேர்த்துப் பாருங்கள். அங்கே போனதும் குதிரை ஏறுவதைப் பார்ப்பதற்கு முன்னால் லாயத்தைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா, சேணம் படும் முதுகில் புண் இருக்கிறதா, பிள்ளைகளுக்கெல்லாம் ஹெல்மெட் இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் இந்தியக் கூட்டமைப்பு நடத்தும் ஜூனியர் தேசியப் போட்டிகளுக்கு எப்படிப் பதிவு செய்வது என்று அங்கேயே கேளுங்கள். குதிரை ஓட்டத் தெரிவதற்கு முன்பே மகளை விதிப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எஃப்இஐ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். புரியாத பக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், தமிழில் எழுதித் தருகிறேன்.