கிராக்: ஒரு சத்தத்தின் பிள்ளைகள்

கேள்வி: சென்ற இதழில் "நீட் தேர்வை முதல் முயற்சியிலேயே கிராக் செய்த மாணவி" என்று எழுதியிருந்தீர்கள். கிராக் என்றால் விரிசல். பைத்தியத்துக்கும் அதே பெயர். தீபாவளிக்கு வெடிப்பது கிராக்கர், டீயில் தொட்டுத் தின்பதும் கிராக்கர், போதைப்பொருளும் கிராக். நாம் சொல்லும் 'கிராக்கி'யும் அதிலிருந்து வந்ததுதானே? ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் ஒப்பேற்றும் சொற்பஞ்சம் பிடித்த மொழி அது. தமிழில் இந்த அவலம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

பதில்: முதலில் எங்கள் தவறு. 'தேறிய மாணவி' என்று எழுதியிருந்தால் அந்தச் செய்தியில் எதுவும் குறைந்திருக்காது. இனி அப்படியே எழுதுவோம். ஆனால் எங்கள் தவறுக்காக ஒரு மொழியையே பஞ்சத்தில் அடிபட்டது என்று நீங்கள் தீர்ப்பு எழுதுவதை ஏற்க முடியாது, ஐயா. அந்தத் தீர்ப்பு தவறு.

நாளைக்கு வீட்டில் ஆம்லெட் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முட்டையைக் கல்லின் விளிம்பில் தட்டியதும் ஒரு சத்தம். உடனே ஓட்டில் மயிரிழை போல ஒரு கோடு. கட்டைவிரலைக் கொடுத்ததும் ஓடு திறக்கிறது, உள்ளே இருந்தது வெளியே வருகிறது. ஆங்கிலக்காரன் அந்தச் சத்தத்துக்கு வைத்த பெயர்தான் கிராக். பழைய ஆங்கிலத்தில் அது ஒலி எழுப்புவதைத்தான் குறித்தது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தில் வரும் 'கிராக் ஆஃப் டூம்' கூட ஊழிக்கால முழக்கம்தான், விரிசல் அல்ல. பிறகு சத்தத்தின் பெயர் அது விட்டுப்போன கோட்டுக்கும் வந்தது, கோட்டின் வழியே திறப்பதற்கும் வந்தது. இரும்புப் பெட்டியைத் திறப்பது, எதிரியின் சங்கேத எழுத்தை அவிழ்ப்பது, கடினமான தேர்வில் தேறுவது எல்லாம் முட்டையின் மூன்றாம் கட்டம். பெட்ரோலிய ஆலையில் கனமான மூலக்கூறுகளைச் சிறியவையாக உடைப்பதற்கும் கிராக்கிங் என்றே பெயர். அங்கே உடைகிற சத்தம் யார் காதிலும் விழுவதில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, பைத்தியம் எங்கிருந்து வந்தது? மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை 'கிண்'ணென்று பேசும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் அடங்கிப்போகும், பானையை அப்படியே திருப்பி வைத்துவிடுவார்கள். ஆங்கிலத்திலும் கீறல் விழுந்த பானைதான் மனிதத் தலைக்கு உவமையானது. கிராக்பாட் என்ற சொல்லில் அந்தப் பானை இன்னும் இருக்கிறது. நாம் 'அவன் ஒரு கிராக்கு' என்கிறபோது பானையை விட்டுவிட்டுக் கீறலை மட்டும் வாங்கிக்கொண்டோம். (மனநலம் குன்றியவர்களை அப்படிச் சொல்வதை விட்டுவிடுவதே நல்லது.)

இதற்கு நேர் எதிரான ஒரு கிளையும் உண்டு. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது அதுதான். சத்தம் என்பது சத்தமான பேச்சும் ஆயிற்று, பெருமை பேசுவதும் ஆயிற்று. ஊரே பெருமையாகப் பேசுகிறவன் முதல்தரமானவன். குறி தவறாமல் சுடுகிறவனைக் 'கிராக் ஷாட்' என்பது இப்படித்தான். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் கிராக் என்றால் நண்பர்களின் அரட்டை. அயர்லாந்துக்காரர்கள் அதை வாங்கித் தங்கள் மொழியின் எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். இன்று அந்த ஐரிஷ் உருவத்திலேயே அது ஆங்கிலத்துக்குத் திரும்பி, அயர்லாந்தின் கலகலப்புக்கே அடையாளமாகிவிட்டது.

பிஸ்கட் கடித்தால் சத்தம் வரும், பட்டாசு வெடித்தால் சத்தம் வரும், அதனால் இரண்டும் கிராக்கர். கிரீம் கிராக்கர் 1885இல் டப்ளினில் பிறந்தது. கோகெய்னின் கட்டி வடிவமான போதைப்பொருளுக்கு அந்தப் பெயர் வந்தது, சூடாக்கும்போது அது படபடவென்று பொரிவதால். பெயரில்தான் சத்தம், சட்டத்தில் அது ஆயுளைத் தின்றது. அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 கிராம் கோகெய்ன் தூளுக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே ஐந்தாண்டு வெறும் 5 கிராம் கிராக்குக்கு. 2010இல்தான் அந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தார்கள், அப்போதும் முழுதாகப் போக்கவில்லை.

'கிராக்கி'க்கு இந்தக் குடும்பத்தில் இடமில்லை. அது உருது வழியாக நமக்கு வந்தது. "காலையிலிருந்து ஒரு கிராக்கி வரலை" என்று ஆட்டோக்காரர் சொன்னால், அவர் எந்த ஆங்கிலேயனுக்கும் கடன்படவில்லை. இரண்டு சொல் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் உறவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், தமிழில் இது உண்டா என்று கேட்டீர்கள். தாராளமாக உண்டு. தீபாவளிக்குப் போடுவது வெடி, குதிகாலில் வருவது பித்தவெடிப்பு, செடியில் பருத்தியும் வெடிக்கும். அதைவிட நெருங்கிய உதாரணம் வேண்டுமென்றால் 'சொடக்கு' இருக்கிறது. விரலை மடக்கினால் கேட்கிற அந்தச் சத்தமே பெயர். விரல்களைச் சுண்டிச் சொடக்குப் போடுகிறோம். சுண்டும் நேரம் கொஞ்சம் என்பதால் 'சொடக்குப் போடும் நேரத்தில் முடித்துவிட்டான்' என்கிறோம். சாட்டையைச் சொடுக்குகிறோம், சாட்டையின் நுனி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தையே தாண்டுவதால் வருகிற சத்தம் அது. அந்தச் சத்தத்துக்கும் ஆங்கிலத்தில் கிராக் என்றுதான் பெயர். கணினி வந்தபோது மவுஸைச் 'சொடுக்கி' என்று எழுதினோம், புதுச் சொல் தேடி எங்கும் போகவில்லை.

வயல் வரப்பில் முளைத்துக் கிடக்கும் சொடக்குத் தக்காளி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பச்சைக் காகிதத்தில் செய்த குட்டி விளக்குப் போல, உப்பிய உறைக்குள் ஒரு சின்னக் காய். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதைப் பறித்து, உறையின் வாயை இறுக்கிப் பிடித்து, பக்கத்தில் வருகிறவன் நெற்றியில் ஓங்கி ஓர் அடி. சொடக்! அந்தச் செடிக்குப் பெயர் வைத்தது அந்த அடிதான்.