கூட்டாளிகளும் முகாமும்

வணக்கம்.
என் மகனுக்கு 15 வயது. போன வாரம் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு கடையில் திருடிப் பிடிபட்டான். கடைக்காரர் போலீசுக்குப் போகாமல் எங்களை அழைத்து எச்சரித்து அனுப்பிவிட்டார். வீட்டில் பத்துப் பைசா எடுக்காத பிள்ளை. "சேர்க்கை சரியில்லை" என்கிறார் கணவர். அந்தப் பையன்களோடு பேச்சே கூடாது, வழிதவறிய பிள்ளைகளைத் திருத்தும் முகாமில் இரண்டு மாதம் விடலாம் என்கிறார். செய்யலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. இந்த வயதில் திருட்டோ அடிதடியோ பெரும்பாலும் தனியாக நடப்பதில்லை. ஆனால் மற்ற இரண்டு வீடுகளிலும் இந்நேரம் உங்கள் மகனின் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருக்கும்.

குற்றமும் நெருங்கிய வட்டத்தில் கற்றுக்கொள்வதுதான் என்றார் அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் சதர்லேண்ட். இல்லை, இனம் இனத்தோடுதான் சேரும், ஏற்கெனவே தவறு செய்யும் பிள்ளைகள்தான் ஒன்றுகூடுகிறார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்றார்கள் அதே துறையின் க்ளூக் தம்பதியர். பள்ளிப் பிள்ளைகளின் நட்பு வட்டங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைப் பார்த்தால் இரண்டுமே நடக்கிறது.

2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கார் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் வண்டியை ஓட்டினால் புள்ளி கூடும், மோதினால் எல்லாம் போகும். தனியாக ஆடியபோது 13–16 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைப் போலவே ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோதோ பிள்ளைகள் துணிந்து ஓட்டினார்கள், பெரியவர்கள் மாறவில்லை. வீட்டில் பத்துப் பைசா தொடாத பிள்ளை கடையில் கை வைத்தது இப்படித்தான் இருக்கும்.

இதில் வற்புறுத்தல் என்று ஒன்று இருக்க வேண்டியதே இல்லை. நண்பர்களாக இருக்கும் பையன்களைப் பேசவிட்டு வீடியோவில் பதிவு செய்த உளவியலாளர் டிஷியன் கவனித்தது சிரிப்பை. விதிமீறிய கதைக்குச் சிரிப்பு கிடைத்தால், அதே மாதிரி அடுத்த கதை வருகிறது. அப்படிப்பட்ட ஜோடிகளில்தான் பிற்பாடு தவறுகள் கூடின.

முகாம் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். இரண்டு பேரிடமிருந்து பிரித்து இருபது பேரிடம் கொண்டுபோய் விடுவானேன்? 1939-இல் அமெரிக்காவில் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டம், பையன்கள் வழிதவறாமல் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். பல ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போன பையன்கள்தான் அதிகம் கெட்டிருந்தார்கள்.

பேச்சே கூடாது என்றால் ஒளித்துப் பேசுவான், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். யாரோடு என்று கேட்பதைவிட எந்த நேரத்தில், எங்கே என்று கேளுங்கள். பெரியவர்கள் யாரும் இல்லாமல், வேலையும் இல்லாமல், கூட்டமாகச் சுற்றும் மணிநேரங்கள்தான் ஆபத்தானவை. அவற்றைக் குறையுங்கள். நண்பர்கள் வீட்டுக்கே வரட்டும், நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். மற்ற இரு அம்மாக்களிடமும் பேசுங்கள், சண்டைக்கு அல்ல.

ஒரே சம்பவத்தை வைத்து அவனுக்குத் திருடன் பட்டம் கட்டாதீர்கள். இந்த வயதில் தவறு செய்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். திருடிய பொருளுக்கான பணத்தை அவனே கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தனியாகப் போகட்டும், மற்ற இருவரும் கூட வேண்டாம்.