எல்லாக் கூச்சமும் ‘ஷை’ இல்லை

கேள்வி: பி.காம் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம். போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். “ஐ ஹாவ் ஷை” என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார், அதற்கு மேல் எனக்கு வாயே வரவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால் ஷை, டிமிட், பேஷ்ஃபுல், ரிசர்வ்ட், கோய் என்று எல்லாவற்றுக்கும் ‘கூச்சமுள்ள’ என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே சொல்வது? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தாலும் இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. (கோவில்பட்டி வாசகி)

பதில்: முதலில் அந்த ‘ஐ ஹாவ் ஷை’யை முடித்துவிடுவோம். நீங்கள் சொன்னது அப்பட்டமான தமிழ், வார்த்தைகள் மட்டும்தான் ஆங்கிலம். நமக்குப் பசி, தூக்கம், கோபம், கூச்சம் எல்லாமே ‘எனக்கு’ என்றுதான் தொடங்கும். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கிருந்தோ வந்து நம்மேல் ஏறிக்கொண்ட மாதிரி. ஆங்கிலத்தில் அந்த ஆளே அதுவாக ஆகிவிடுவார்: ஐ ஆம் ஹங்ரி, ஐ ஆம் ஸ்லீப்பி, ஐ ஆம் ஷை. கூச்சம் என்ற பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் அது ஷைனஸ். அப்புறம் ஷையோடு சேர்ந்து வரும் மூன்று தொடர்களை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். புது ஆட்களிடம் கூச்சம் என்றால் ‘ஷை வித் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’. பாடுவதற்குக் கூச்சம் என்றால் ‘ஷை அபௌட் ஸிங்கிங்’. கேட்கவே கூச்சப்பட்டேன் என்றால் ‘ஐ வாஸ் டூ ஷை டு ஆஸ்க்’. பேச்சுக்கு இவ்வளவு போதும்.

உண்மையான சிக்கல் இலக்கணத்தில் இல்லை, நம்முடைய ‘வெட்கம்’ என்ற சொல்லில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் குழந்தை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, அதுவும் வெட்கம். கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் செருப்பு அறுந்துவிட்டது, அதுவும் வெட்கம். தம்பி கடன் வாங்கி ஏமாற்றிவிட்டான், ஊரில் தலைகாட்ட வெட்கம். மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டோம். ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு. குழந்தை ஷை. செருப்பு அறுந்தவர் எம்பாரஸ்ட். தம்பிக்காகத் தலைகுனிந்தவர் அஷேம்ட்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது, எதனால் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை, நடக்குமோ என்ற தயக்கம் மட்டும் என்றால் ஷை. ஏதோ நடந்துவிட்டது, நாலு பேர் பார்த்துவிட்டார்கள், ஆனால் யாருடைய தப்பும் இல்லை என்றால் எம்பாரஸ்ட். தப்பு நடந்திருக்கிறது, மனசு குத்துகிறது என்றால் அஷேம்ட். நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும்போது நீங்கள் ஷை, அவர் சிரித்த பிறகு எம்பாரஸ்ட். அஷேம்ட் ஆக அங்கே ஒன்றுமே இல்லை.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதும் அல்ல. திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளே, செய்த செயலுக்காக நாணுவது வேறு, பெண்கள் கொள்ளும் நாணம் வேறு என்றுதான் தொடங்குகிறது. அஷேம்டுக்கும் பேஷ்ஃபுலுக்கும் இதைவிடத் தெளிவாக எல்லை போட முடியாது.

இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தது. பாடம் நடத்த ஆரம்பித்த புதிதில் ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து ‘ஐ ஆம் வெரி எம்பாரஸிங்’ என்றேன். எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்வதாக நினைப்பு. என்னால் உங்களுக்கெல்லாம் மானக்கேடு என்றுதான் அதற்கு அர்த்தம். நமக்குத் தோன்றும் உணர்ச்சிக்கு ‘எட்’ விகுதி, அந்த உணர்ச்சியை உண்டாக்குவதற்கு ‘இங்’ விகுதி. ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுகிறவர்கள் இன்றும் என் வகுப்பில் உண்டு.

இனி ஷையைச் சுற்றி இருக்கும் உறவுக்காரர்கள். பழைய ஆங்கிலத்தில் ஷை என்றால் எளிதில் மிரளும் என்று பொருள். இன்றும் தனியே வினைச்சொல்லாக வரும்போது அது பெரும்பாலும் குதிரைக்குத்தான் பொருந்தும்: பாதையில் காகிதம் பறந்தால் குதிரை சட்டென்று மிரண்டு ஒதுங்குவது. நம் வண்டிமாடு மிரள்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷை அவே ஃப்ரம்’ என்றால் ஒரு காரியத்தைக் கண்டு விலகுவது என்று ஏன் வந்தது என்பது அப்போது தானாகப் புரியும். போட்டோ எடுக்க வந்தால் நழுவுகிறவர் கேமரா-ஷை. ஆனால் ஒர்க்-ஷை என்ற சொல்லை மட்டும் உங்களைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள். அலுவலகத்தில் கூச்சப்படுகிறவர் என்று அதற்குப் பொருள் இல்லை, வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர் என்று பொருள்.

டிமிட் என்பதில் பயம் தூக்கலாக இருக்கும். லத்தீனில் அஞ்சுவது என்ற வினையிலிருந்து வந்தது. பயந்தாங்கொள்ளி என்ற வாடை வீசுவதால் உங்களைப் பற்றிச் சொல்ல உதவாது. பேஷ்ஃபுல் செல்லமான சொல், முகம் சிவக்கும் கூச்சம். குழந்தைக்கும் காதலிக்கிறவர்களுக்கும் அழகு, கணக்குப்பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்குச் சரிப்படாது. டிஃபிடென்ட், தன்மேலேயே நம்பிக்கை இல்லாதவர். இண்டிஃபரென்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அவர் எதையும் கண்டுகொள்ளாதவர்.

கோய் என்ற சொல்லுக்கு உங்கள் அகராதி போட்ட பொருள் பாதிதான். உள்ளே ஒன்றும் கூச்சம் இல்லை, இருப்பதுபோல் காட்டுவதுதான் கோய். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் “அதெல்லாம் எதுக்குங்க” என்று சிரித்து நழுவுகிறாரே, அவர். பாவனை கலந்திருப்பதால் இதில் லேசான குத்தல் உண்டு.

ரிசர்வ்ட், இன்ட்ரோவெர்ட் இரண்டையும்தான் நம்மவர்கள் அதிகம் போட்டு உழப்புகிறார்கள். ரிசர்வ்ட் என்றால் ரயிலில் முன்பதிவு செய்த இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாகத்தான் தெரியும், ஆனால் எல்லாருக்கும் இல்லை. மனதில் இருப்பதை எல்லாரிடமும் கொட்டாதவர் ரிசர்வ்ட். அவருக்குப் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. என் பெரியப்பா அப்படித்தான். பஞ்சாயத்தில் எழுந்தால் அரை மணி நேரம் பேசுவார், வீட்டு விஷயம் ஒரு வார்த்தை வெளியே வராது.

இன்ட்ரோவெர்ட் உளவியலிலிருந்து தெருவுக்கு வந்த சொல். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் மனித வகைகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதியதிலிருந்து இதுவும் எக்ஸ்ட்ரோவெர்ட்டும் பரவின. மனம் உள்நோக்கித் திரும்பியவர் ஒருவர், வெளிநோக்கித் திரும்பியவர் மற்றவர். கல்யாண வீட்டில் எல்லாரிடமும் நன்றாகப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் “அப்பாடா” என்று கதவைச் சாத்திக்கொள்கிறவர் இன்ட்ரோவெர்ட்டாக இருக்கலாம். பேச ஆசை இருந்தும் தொண்டையில் நின்றுவிடுகிறவர்தான் ஷை. நாலு பேரோடு இருக்க ஆசைப்பட்டுக்கொண்டே அவர்கள் முன் வாய் திறக்கத் தயங்கும் எக்ஸ்ட்ரோவெர்ட்டுகளும் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் ஷை. இன்ட்ரோவெர்ட்டா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தொட்டாற்சிணுங்கிக்கு வருவோம். அந்தச் செடியின் தாவரவியல் பெயர் மிமோசா பூடிகா. பூடிகா என்றால் லத்தீனில் நாணமுள்ளது. ஆங்கிலத்தில் அதை ஷை பிளான்ட் என்றும் சென்சிட்டிவ் பிளான்ட் என்றும் சொல்வார்கள். ஆனால் நாம் ஒரு ஆளைத் தொட்டாற்சிணுங்கி என்றால் கூச்சக்காரர் என்று அர்த்தமில்லை, சட்டென்று முகம் வாடுகிறவர். அவர் ஆங்கிலத்தில் டச்சி, அல்லது தின்-ஸ்கின்ட். சென்சிட்டிவ் என்றும் சொல்லலாம், அது கொஞ்சம் மரியாதையான சொல். சென்சிபிள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அது விவேகமானவர், எதார்த்தம் தெரிந்தவர். ஒரே எழுத்துக் கூட்டத்தில் பிறந்த இரண்டும் எதிர் வீட்டுக்காரர்கள் மாதிரி.

நாம் தினமும் புழங்கும் சில ‘ஆங்கில’ச் சொற்கள் வெளியே போனால் மாட்டிவிடும். கல்யாண விளம்பரத்தில் ‘ஹோம்லி கேர்ள்’ என்று போடுகிறோமே, அமெரிக்காவில் ஹோம்லி என்றால் பார்க்க அவ்வளவு லட்சணமில்லாதவர். அங்கே இருக்கும் மாப்பிள்ளைக்கு அனுப்பும் விவரக்குறிப்பில் அது இருந்தால் பாவம். ‘மூட் அவுட்’ நம் ஊர்ச் சரக்கு, அப்செட் என்று சொன்னால் எங்கும் புரியும். சிம்பிள் என்று நாம் பாராட்டாகச் சொல்வதை அன்அஸ்யூமிங் அல்லது டவுன்-டு-எர்த் என்று சொல்வது நல்லது, ஒரு மனிதரை சிம்பிள் என்றால் விவரம் போதாதவர் என்றும் கேட்கும்.

ஜோவியல் நமக்குப் பிடித்த சொல், அதன் கதையும் நமக்குப் பிடிக்கும். ஜோவ் என்றால் ரோமானியரின் ஜூபிடர், நம் வியாழன். குரு ஆதிக்கத்தில் பிறந்தவர் கலகலப்பாக இருப்பார் என்ற ஐரோப்பிய ஜோதிட நம்பிக்கையில் பிறந்த சொல் அது. நேரத்துக்கு நேரம் மாறுகிறவர் மெர்க்கியூரியல், அது புதன். எப்போதும் உம்மென்று இருப்பவர் சாட்டர்னைன். எந்தக் கிரகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் ஏன் நிற்கவில்லை என்று கேட்டீர்கள். பத்துச் சொல்லுக்கும் வலது பக்கத்தில் ஒரே ‘கூச்சமுள்ள’ இருந்தால் மூளை எதைப் பிடித்துக்கொள்ளும்? வலது பக்கத்தை அழித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த ஆள் ஒருவரின் பெயரைப் போடுங்கள். ரிசர்வ்ட், பெரியப்பா. டச்சி, சின்ன அத்தை. பேஷ்ஃபுல், எதிர் வீட்டுக் குட்டிப் பையன். பக்கத்தில் அவர் என்ன செய்தார் என்று ஒரே ஒரு வரி, ஆங்கிலத்தில், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நோட்டைப் பத்திரமாக வையுங்கள், அத்தை கையில் கிடைத்தால் அந்தச் சொல் உங்களுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. தமிழ்ப் பொருள் போட்ட அகராதியை மட்டும் நம்பாமல், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் மொழி கற்கிறவர்களுக்கென்று இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அகராதிகளைப் பாருங்கள். பொருளை வேகமாகத் தாண்டி உதாரண வாக்கியங்களுக்குப் போங்கள். ஒரு சொல் யாரோடு பழகுகிறது என்று அங்கேதான் தெரியும். ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டி உச்சரிப்பையும் கேட்டு, நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த நேர்முகத் தேர்வுக்கு என் யோசனை: ஷை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்த அறையில் அவர்களுக்குத் தேவை உங்கள் சுபாவம் வேலைக்கு எப்படி உதவும் என்பது. ‘ஐ ஆம் எ பிட் ரிசர்வ்ட் அட் ஃபர்ஸ்ட், பட் ஐ ஓப்பன் அப் ஒன்ஸ் ஐ கெட் டு நோ பீப்பிள்.’ ஆரம்பத்தில் கொஞ்சம் ஒதுங்கி இருப்பேன், பழகிவிட்டால் சகஜமாகிவிடுவேன். ‘எ பிட்’ சின்னச் சொல்தான், பாரத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். இன்னொன்று, ‘ஐ ஆம் எ குவையட் பர்சன் அண்ட் எ குட் லிசனர்.’ எழுதும்போது மட்டும் எச்சரிக்கை: முடிவில் ஈ, டீ என்று வந்தால் குவையட், அமைதியானவர். டீ, ஈ என்று மாறினால் குவைட், ‘ஓரளவு’. விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் எ குவைட் பர்சன்’ என்று எழுதி அனுப்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே போகும் முன் வயிற்றில் புளியைக் கரைத்தால் அதற்கும் ஆங்கிலத்தில் வழி இருக்கிறது, அவர்கள் வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். ‘ஐ ஆம் எ லிட்டில் நெர்வஸ்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், பெண் பார்க்க வரும்போது தலைகுனிந்து காபித் தட்டோடு வருவதற்கு என்ன சொல் என்று உங்கள் ஆச்சி கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டிமியூர். அடக்க ஒடுக்கம். பாட்டி காலத்துச் சொல்லாக மூலையில் கிடந்தது, சமூக ஊடகத்தில் திடீரென்று எல்லார் வாயிலும் புகுந்து, டிக்‌ஷனரி டாட் காம் அதையே 2024ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. கீழே பார்த்தபடியே மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் எடைபோட்டிருந்தால் அது கோய் என்றும் ஆச்சியிடம் சொல்லிவிடுங்கள்.