பயிற்சி விமானமும் பறவை மோதலும்: மலேசியாவின் சித்தியவானில் ஒரு கேள்வி பதில்

கேள்வி (செம்பனைத் தோட்ட மண்டோர்): என் மகன் விமானம் ஓட்டப் பழகுகிறான். ஒரு கொக்கு மோதினால்கூட விமானம் விழுந்துவிடுமா, ஐயா?

பதில் (விமானப் பயிற்றுநர்): அப்படி அஞ்ச வேண்டாம், அண்ணே. பெரும்பாலான மோதல்கள் இறக்கையில் ஒரு நசுங்கலோடும் இரத்தக் கறையோடும் முடிந்துவிடுகின்றன. கவலைக்குரியது முன்கண்ணாடிதான். பெரிய பயணிகள் விமானத்தின் கண்ணாடி ஏறத்தாழ 1.8 கிலோ பறவையைத் தாங்க வேண்டும் என்பது விதி. செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தின் அக்ரிலிக் கண்ணாடிக்கு அத்தகைய சோதனை கட்டாயமில்லை. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், பறவைகள் திரளும் இடத்தில் வேகத்தைக் குறைத்துப் பறக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிவதும் நல்லது.

கேள்வி (பயிற்சி மாணவர்): தரையிறங்கும்போது எதிரே பருந்து வந்தால் எந்தப் பக்கம் திருப்புவது, சார்?

பதில்: தம்பி, இதைத்தான் நான் எல்லா மாணவரிடமும் வற்புறுத்துகிறேன். மிரண்ட பறவை பெரும்பாலும் இறக்கையை மடக்கிக் கீழே பாயும். ஆகவே உயரமும் வேகமும் இருந்தால் மெல்ல மேலேற்றுங்கள். ஆனால் 300 அடியில், வேகம் குறைந்திருக்கும் வேளையில், மூக்கைச் சட்டென்று தூக்கினாலோ கடுமையாகச் சாய்த்துத் திருப்பினாலோ, இறக்கை தூக்குவிசையை இழந்து, மீட்க உயரமில்லாத இடத்தில் விமானம் சரிந்துவிடும். அதைவிடப் பறவை மோதுவதே மேல். மோதியபின் சேதத்தை எட்டிப் பார்க்காமல், முதலில் விமானத்தை ஓட்டுங்கள். காற்றழுத்தக் குழாய் அடைபட்டிருந்தால் வேகமானி பொய் சொல்லும். அப்போது எஞ்சின் விசையையும் மூக்கின் நிலையையும் நம்புங்கள்.

கேள்வி (உண்ணத்தகுந்த கூடு கட்டும் வாலிட் குருவி வளர்ப்பவர்): எந்தக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை?

பதில்: உங்கள் வாலிட் குருவிகள் விடியலில் வெளியேறி அந்தியில் கூட்டமாகத் திரும்பும். திடலில் புல் வெட்டிய அன்று கொக்குகள் இறங்கும். மலாக்காவில் பயில்வோர் பிப்ரவரி, மார்ச் மாதங்களை மறக்கக் கூடாது. சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து போர்ட்டிக்சன் அருகிலுள்ள தஞ்சோங் துவானில் கரையேறி, வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயரும்.

கேள்வி (ஆசிரியை): தரையில் நிற்கும் விமானத்துக்கும் பறவையால் ஆபத்துண்டா?

பதில்: உண்டு, டீச்சர். மைனா எஞ்சின் மூடிக்குள் கூடு கட்டும். காற்று நுழையும் துளையில் ஒரேயொரு வைக்கோல் இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சூடான சிலிண்டர்மேல் கிடக்கும் காய்ந்த புல் வானில் தீப்பற்றக்கூடும். காலையில் அகற்றிய கூட்டை மைனா மாலைக்குள் மறுபடியும் கட்டத் தொடங்கும் என்பதால், நிறுத்தியவுடனே துளைகளை அடைத்துவிடுங்கள், பறக்குமுன் அடைப்புகளை எடுத்துவிட்டீர்களா என்றும் கையால் தொட்டுப் பாருங்கள்.