பிரேக் பெடல் மெதுவாக மேலே வருகிறது, மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடலாமா?

பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் பெடல் சட்டென்று எழும்பாமல் மெதுவாக மேலே வருகிறது, மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பெடல், பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தருவது), மாஸ்டர் சிலிண்டர் (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது), சக்கரம் என்று எங்கே வேண்டுமானாலும் சிக்கலாம், இடம் தெரியாமல் பாகம் வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

முதலில் பெடலுக்குக் கீழே கிடக்கும் கால் மிதியடியை எடுத்து ஓரமாகப் போடுங்கள் (சிரிக்காதீர்கள், சில வண்டிகளில் அதுதான் காரணம்). அப்புறம் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சியதால் வந்த வெற்றிடம்) தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். இப்போது மிதித்து விட்டால் டக்கென்று மேலே வருகிறது, எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் மந்தம் என்றால் சந்தேகம் பூஸ்டர் மேல்தான். மிதிக்கும்போது அதன் பின்னறைக்குள் நுழைந்த காற்று, காலை எடுத்ததும் முன்னறை வழியாக எஞ்சினுக்குப் போய்விட வேண்டும், உள்ளே வால்வு ஒட்டிக்கொண்டால் அது தாமதமாகும். பூஸ்டரை பெரும்பாலும் முழுதாக மாற்றுவார்கள்.

எஞ்சின் ஆஃபில் இருந்தாலும் மந்தம்தானா? சரி, பெடலையும் பூஸ்டர் ராடையும் இணைக்கும் பின்னைக் கழற்றி, பெடலை மட்டும் கையால் ஆட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பெடல் தொங்கி ஆடும் இடத்தில் மேலே உள்ள புஷ் காய்ந்தோ துருப்பிடித்தோ இருக்கும், சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் முடிந்தது. ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கும் வண்டி என்றால் அது உடைந்திருக்கிறதா, கொக்கி கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெடல் தாராளமாக ஆடினால்தான் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போக வேண்டும், அங்கேயும் ரிசர்வாயர் (பிரேக் ஆயில் ஊற்றும் டப்பா) மூடியில் இருந்து தொடங்குங்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊதிப் பெருத்து, திரும்பப் பொருத்தினால் உட்காராமல் அலை அலையாகப் பிதுங்கினால், யாரோ பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் சீல்களும் அதே கதிதான், அதனால்தான் பிஸ்டன் திணறித் திரும்புகிறது. அப்போது மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்த ஆயில் தொட்ட காலிபர் (சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) சீல், ஹோஸ் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ரப்பர் நன்றாக இருந்தால் துருவோ கசடோ பிஸ்டனைப் பிடித்திருக்கலாம், மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டால் பெடலில் பெரிதாகத் தெரியாது. இருந்தாலும் வண்டியைத் தூக்கி, சக்கரம் தரையில் படாதபடி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து விட்டபின் சக்கரங்களைச் சுற்றிப் பாருங்கள். இறுகிய சக்கரத்தின் பிளீடர் நட்டை (பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விடுபட்டால், பெரும்பாலும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது, அப்போதும் இறுக்கம் என்றால் காலிபர் பிஸ்டனோ, காலிபர் நகரும் ஸ்லைடு பின்னோ ஜாம்.

எல்லாச் சக்கரமும் இறுகுகிறது என்றால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். உரசிக்கொண்டே ஓடினால் பிரேக் சூடேறி ஆயிலும் சூடாகும்; புது டாட் 3 ரக பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்கும், ஈரம் ஏறியது 140 டிகிரியிலேயே கொதிக்கலாம், கொதித்துவிட்டால் பெடல் தரை வரை போகும், பிரேக் இருக்காது. இன்னொன்று, துரு நீக்கும் ஸ்பிரேயை எடுத்துப் பூஸ்டர் ராடை மூடியிருக்கும் ரப்பர் உறைக்குள் அடிக்காதீர்கள், அதுவும் எண்ணெய்தான், அங்கே இருக்கிற ரப்பரையும் கெடுத்துவிடும்.