குடிலனை யாருக்குத் தெரியும்?

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடக வரிகள் உலகமெங்கும் மேற்கோளாகப் புழங்குகின்றன. நமது ‘மனோன்மணீய’த்தில் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தவிர வேறொரு வரியும் யாருக்கும் தெரியவில்லையே! சொல்லும்படியான வரி அதில் இல்லை என்பதுதானே காரணம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. வரியின் தரத்துக்கும் புகழுக்கும் நீங்கள் நினைக்குமளவு நெருங்கிய உறவு கிடையாது. டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டைப் பற்றிய ஷேக்ஸ்பியர் நாடகமான ‘ஹாம்லெட்’டையே பாருங்கள். ‘இருப்பதா, இல்லாமல் போவதா’ என்று தொடங்கும், ஹாம்லெட் தனக்குத்தானே பேசும் தனிமொழியில், காதலி ஒஃபீலியாவைக் கண்டு அவன் நிறுத்தும் வரை, ‘நான்’ என்ற சொல் ஓரிடத்திலும் வராது. கொலையுண்ட தந்தையைப் பற்றியோ, கொன்ற சிற்றப்பனைப் பற்றியோ பேச்சே இல்லை. ஆகவேதான் டென்மார்க் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவரும் அதைத் தம்முடைய கவலையாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது. அதே நாடகத்தின் நான்காம் அங்கத்தில், துண்டு நிலத்துக்காகச் சாகப் போகும் நார்வே படையைப் பார்த்து, தன் தயக்கத்தை எண்ணி அவன் வெட்கும் தனிமொழி, என் மதிப்பில், முன்னதைவிட ஒரு படி மேல். ஆனால் அந்தப் படையையும் அவன் தீர்க்க வேண்டிய பழியையும் விளக்காமல் அதை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தனிமொழி இடம்பெறவே இல்லை. சொல்லமைப்புக்குப் பங்கில்லை என்று நான் வாதிடவில்லை. ‘ஹாம்லெட்’டின் 1603-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘இருப்பதா, இல்லாமல் போவதா’ என்ற அந்தப் புகழ்பெற்ற முதல் வரி ‘ஆம், அதுதான் விஷயம்’ என்று சப்பென்று முடிகிறது.

இனி ‘மனோன்மணீயம்’. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட இந்நாடகம் நடிப்பதைவிடப் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது. எனவே நடிகர்களின் வாய்வழியாக அதன் வரிகள் ஊருக்குள் இறங்க வழியிருக்கவில்லை. ‘நீராருங் கடலுடுத்த’ எந்தப் பாத்திரமும் பேசாத பாயிரப் பகுதியைச் சேர்ந்தது. நாடகத்தின் அரசன் ஜீவகன் யார் என்று தெரியாமலே பாடலாம். 1970-இல் அரசு விழாக்களில் பாட வேண்டும் என்ற ஆணையும், எம்.எஸ்.விஸ்வநாதனின் இசையும் சேர்ந்து அதைப் பள்ளிக் குழந்தையின் நாவரை கொண்டுசென்றன. அதே பாடலில், அதே புலவர் எழுதி, அரசு விட்டுவிட்ட அடிகளை உங்களால் தடையின்றிச் சொல்ல முடியுமா? அவை மட்டமான அடிகளா என்ன?

அரசனைக் கைக்குள் போட்டுக்கொண்டு அரியணைக்கே குறிவைக்கும் அமைச்சன் குடிலன் தனக்குத்தானே பேசும் இடங்களைப் படித்துப் பாருங்கள். அதன் பிறகும் சொல்லும்படியான வரி இல்லை என்று எழுதுவீர்களானால், அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் வெளியிடுவேன்.